பீட்டர் ரைட் பெயர் தாங்கிய டார்ட்கள்: ஒரு மதிப்பீடு

பலகையை நோக்கிச் சிற்றம்புகளை எறியும் டார்ட்ஸ் விளையாட்டில் ஓர் ஆட்டக்காரரின் பெயர் பொறித்த, மூன்று டார்ட்கள் கொண்ட தொகுப்பை வாங்குகிறவர், அவர் மேடையில் எறியும் அதே கருவிதான் தம் கைக்கும் வந்திருக்கிறது என்ற நம்பிக்கையோடு வாங்குகிறார். ஸ்காட்லாந்தின் பீட்டர் ரைட்டைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை நிலைக்காது. 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற அவர், ஒரே தொடரின் இரு சுற்றுகளுக்கு இடையிலும், சில சமயம் ஒரே ஆட்டத்தின் நடுவிலும் டார்ட்களை மாற்றிக்கொள்பவர். வேல்ஸின் பிரிட்ஜெண்டைச் சேர்ந்த ரெட் டிராகன் நிறுவனம், 'ஸ்னேக்பைட்' என்ற அவருடைய பட்டப்பெயரைத் தாங்கிய தொகுப்புகளை அடுத்தடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஆகவே இவற்றுள் ஒன்றை மதிப்பிட வேண்டுமென்றால், பெயருக்கு உரியவரின் விளையாட்டு வாழ்வையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது. வாங்குபவர் விலை கொடுப்பது உலோகத்துக்கு மட்டுமல்ல, அந்த வாழ்வுக்கும்தான்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்திவருவது 24 கிராம் எடையுள்ள, எஃகு முனை கொண்ட தொகுப்பு. பேரல் எனப்படும் உலோக உடல் 90 விழுக்காடு டங்ஸ்டன் அடங்கிய கலவையால் ஆனது. வடிவம் ஏறத்தாழ நேரான உருளை. பேரலுடன் பின்பக்கம் திருகிப் பொருத்தும் ஷாஃப்ட்களும், பாம்புச் சின்னம் அச்சிட்ட, வாலில் இறகு போல அமையும் ஃப்ளைட்களும் வருகின்றன. பேரலின் மீது வெட்டப்பட்ட வளையக் கோடுகள் விரலுக்கு உறுதியான பிடியைத் தருகின்றன. அதே நேரத்தில், டார்ட்டை விடுவிக்கும் கணத்தில் தோலைப் பற்றி இழுக்கும் அளவுக்கு அவை கூர்மையாக இல்லை. வியர்க்கும் கைக்கு இந்த நடுநிலை மிகவும் முக்கியம். பிடி வழுவழுப்பாக இருந்தால் டார்ட் விரலிலிருந்து முன்கூட்டியே நழுவும்; மிகவும் சொரசொரப்பாக இருந்தால் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்து விடுபடும்; இரண்டுமே குறியைக் கீழேயோ மேலேயோ தள்ளிவிடும். மூன்று டார்ட்களையும் ஒரே விரல்நுனியில் நிறுத்திப் பார்த்தால் மூன்றும் ஒரே இடத்தில் சமநிலை கொள்கின்றன. தொழில்முறைத் தரத்தில் செய்த தொகுப்பிடம் நான் எதிர்பார்க்கும் முதல் பண்பு இதுதான்.

டங்ஸ்டன் ஏன் என்ற கேள்வி புதிதாக வருபவர்களுக்கு எழும். பலகையின் மையம் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எறிபவர் நிற்கும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து அவர் குறிவைக்கும், 20இன் மும்மடங்கான 60 புள்ளிகளைத் தரும் டிரிபிள் 20 கட்டத்தின் உயரம் 8 மில்லிமீட்டர். அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அந்தச் சிறு கட்டத்துக்குள் மூன்று டார்ட்களும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் நுழைந்தால்தான் 180 புள்ளிகள் கிடைக்கும். பித்தளையைவிட டங்ஸ்டன் இரண்டு மடங்குக்கும் அதிகமான அடர்த்தி கொண்டது என்பதால், அதே 24 கிராமை மிகவும் மெல்லிய உடலுக்குள் அடக்கிவிட முடிகிறது. தனி டங்ஸ்டன் எளிதில் நொறுங்கும் தன்மையுடையது; எனவே நிக்கல் போன்ற வேறு உலோகங்களைக் கலந்து உருவாக்குகிறார்கள். 80 விழுக்காட்டுத் தொகுப்புக்கும் 90 விழுக்காட்டுத் தொகுப்புக்கும் உள்ள பருமன் வேறுபாட்டைத் தொடக்கநிலையில் இருப்பவர் உணர்வது அரிது. முதல் இரண்டு டார்ட்களும் அடிக்கடி டிரிபிளில் அருகருகே தைக்கத் தொடங்கிய பிறகுதான், மூன்றாவதற்கு எஞ்சியிருக்கும் இடைவெளியின் அருமை தெரியவரும். இந்தத் தொகுப்பின் மெல்லிய உடல் அந்த நிலையை எட்டியவர்களுக்கு உண்மையாகவே உதவுகிறது என்பதை என் பயிற்சியில் தெளிவாகக் கண்டிருக்கிறேன்.

இனி பெயருக்கு உரியவர். பீட்டர் ரைட் 1970 மார்ச் 10 அன்று ஸ்காட்லாந்தின் லிவிங்ஸ்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே வளர்ந்தாலும், பன்னாட்டுப் போட்டிகளில் ஸ்காட்லாந்துக்காகவே ஆடிவருகிறார். 1995இல் லேக்சைடில் நடைபெற்ற உலகச் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதிபெற்று, முதல் சுற்றிலேயே ரிச்சி பர்னெட்டிடம் தோற்றார். அந்த ஆண்டின் பட்டத்தை வென்றவர் அதே பர்னெட்தான். அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மேடைகளில் அவர் பெயர் இல்லை. 2007இல் கிராண்ட் ஸ்லாம் டார்ட்ஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான், தொழில்முறை டார்ட்ஸுக்கு முழுமூச்சாகத் திரும்ப முடிவுசெய்தார். அப்போது அவருக்கு வயது 37. மற்ற ஆட்டக்காரர்கள் தங்கள் எறிமுறையையும் கருவியையும் வகுத்து நிலைநிறுத்திக்கொள்ளும் இருபதுகளையும் முப்பதுகளின் தொடக்கத்தையும் அவர் வெளியில் கழித்திருக்கிறார் என்பதை மனத்தில் கொண்டால், அவருடைய ஓயாத தேடலுக்கு ஒரு காரணம் புலப்படுகிறது. இது என் ஊகம். ஆனால் அவர் ஆட்டத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் உருவான ஊகம்.

அவருடைய தோற்றம் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நடுவில் மட்டும் செங்குத்தாக நிறுத்தி வண்ணம் தீட்டிய முடி, பக்கவாட்டில் வரைந்த பாம்பு, கண்ணைப் பறிக்கும் கால்சட்டை. முடி அலங்காரத் தொழில் தெரிந்த அவர் மனைவி ஜோ, ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு இதற்காக நெடுநேரம் செலவிடுகிறார். இயல்பில் கூச்சம் மிகுந்த ஒருவர் ஆயிரக்கணக்கானோர் முன் நிற்பதற்காக அணிந்துகொள்ளும் கவசம் அது என்பதை, அவருடைய நேர்காணல்களைக் கேட்ட எவரும் அறிவார். ரெட் டிராகன் தொகுப்புகளின் ஃப்ளைட்களிலும் பெட்டிகளிலும் உள்ள வண்ணங்களுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அதனாலேயே அவை வெறும் விளம்பரமாக எனக்குத் தோன்றவில்லை.

2014 ஜனவரி 1 அன்று, லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸில், அவர் முதன்முறையாக உலகச் சாம்பியன்ஷிப்பின் இறுதியாட்டத்தில் நின்றார். நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வென் 7-4 என்ற செட் கணக்கில் அவரை வென்றார். அந்தத் தோல்வி ஒரு நீண்ட காலத்தின் தொடக்கமாக அமைந்தது. பெரிய இறுதியாட்டங்களை அவர் எட்டுவதும், பெரும்பாலும் அதே வான் கெர்வென் எதிரே நிற்பதும், கோப்பை கைநழுவுவதும் வழக்கமாகிவிட்டன. 2017 மார்ச்சில் மைன்ஹெட்டில் ஜெர்வின் பிரைஸை 11-6 என்று வீழ்த்தி யுகே ஓப்பனை வென்றபோது, 47ஆவது வயதை எட்ட ஒருசில நாள்களே இருந்த நிலையில், தம் முதல் பெரிய தொலைக்காட்சிப் பட்டத்தைப் பெற்றார்.

ஆனால் அதே ஆண்டு மே மாதம் லண்டன் ஓ2 அரங்கில் நடந்த பிரீமியர் லீக் டார்ட்ஸ் இறுதியை நினைக்காமல் அவரைப் பற்றி எழுத முடியாது. வான் கெர்வெனுக்கு எதிராக 7-2 என்று முன்னிலையில் இருந்தார். 10-9 என்ற நிலையில் பட்டத்துக்கான ஆறு டார்ட்கள் அவர் கையிலிருந்து புறப்பட்டன. ஆட்டத்தை முடிக்கத் தைக்க வேண்டிய, இருமடங்குப் புள்ளி தரும் டபுள் கட்டத்தை ஆறும் தவறவிட்டன. முடிவு 11-10, வான் கெர்வெனுக்கு. அந்த ஆறு டார்ட்களை எறிந்தவர் மறுநாள் வேறு எடையையும் வேறு வடிவத்தையும் தேடிப் போனால் அதை மனஉறுதியின்மை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு மில்லிமீட்டர் விலகலில் ஓர் ஆண்டின் உழைப்பு போய்விடுகிற விளையாட்டில், அந்த மில்லிமீட்டரைக் கருவியிலும் தேடுவது நியாயமே. "ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இவர் இன்னும் எவ்வளவோ வென்றிருப்பார்" என்று வர்ணனையாளர்களும் ரசிகர்களும் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. பழகிய கருவியோடு நின்று அதே எதிராளியிடம் அதே விதமாகத் தோற்றுக்கொண்டிருக்க மறுத்த ஒருவராகவே அவரைப் பார்க்கிறேன்.

அந்த மறுப்புக்குப் பலன் 2020இல் கிடைத்தது. அந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர் தம் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியிருக்க வேண்டியவர். பிலிப்பைன்ஸின் நோயல் மாலிக்டெம் வெற்றிக்கான டார்ட்டைத் தவறவிட்டதால் 3-2 என்று பிழைத்தார். அங்கிருந்து படிப்படியாக ஏறி, அரையிறுதியில் பிரைஸை 6-3 என்றும், இறுதியில் வான் கெர்வெனை 7-3 என்றும் வென்றார். தம் 49ஆவது வயதில், 5,00,000 பவுண்டு பரிசுடன், முதல் உலகப் பட்டம். 2021 கோடையில் பிளாக்பூலில் டிமிட்ரி வான் டென் பெர்க்கை 18-9 என்று அடித்து வேர்ல்டு மேட்ச்பிளே கோப்பையையும் எடுத்தார். அவருடைய மொத்த வாழ்விலும் இந்த இறுதியாட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டார்ட்டைப் பற்றிய எந்தக் கவலையும் அன்று அவர் முகத்தில் இல்லை. வாங்கி வந்த நாளிலிருந்து அதே டார்ட்டை மட்டுமே எறிந்தவர் போல ஆடினார்.

2022 உலகச் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில் எதிரே நின்றவர் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான கேரி ஆண்டர்சன். அந்த 6-4 வெற்றியில் ரைட் எறிந்த 180களின் எண்ணிக்கை 24. இறுதியில் மைக்கேல் ஸ்மித்தை 7-5 என்று வென்று இரண்டாவது பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டு மார்ச்சில் உலகத் தரவரிசையின் முதலிடத்துக்கும் வந்தார். அதன்பின் இறக்கம் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் டார்ட்மண்டில் ஜேம்ஸ் வேடை 11-6 என்று வென்று ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பை எடுத்தார் என்றாலும், தரவரிசையில் கீழிறங்குவதைத் தடுக்க முடியவில்லை. 2025 உலகச் சாம்பியன்ஷிப்பில், நடப்புச் சாம்பியன் லூக் ஹம்ஃப்ரீஸை 4-1 என்று வெளியேற்றிய இரவு, பழைய ரைட் மீண்டும் மேடையில் நின்றார். காலிறுதியில் ஸ்டீபன் பண்டிங்கிடம் அந்தப் பயணம் முடிந்தது. கருவி மாற்றம் அவருக்கு எப்போதும் உதவியது என்று நான் வாதாடவில்லை. இறங்குமுகத்தில் இருந்த நாள்களில் அதே பழக்கம் அவருடைய தடுமாற்றத்தைக் கூட்டியது போலவே தெரிந்தது.

ஆண்டர்சனை இங்கே ஒப்பிடுவது பொருத்தம். இருவரும் 1970இல் பிறந்தவர்கள். 2019இல் ஹாம்பர்க்கில் இருவரும் இணைந்து அயர்லாந்தை வென்று ஸ்காட்லாந்துக்கு முதல் உலகக் கோப்பையைத் தேடித் தந்தார்கள். மஸல்பராவில் பிறந்த ஆண்டர்சன் 2015இல் ஃபில் டெய்லரையும் 2016இல் ஏட்ரியன் லூயிஸையும் இறுதியில் வென்று அடுத்தடுத்து இருமுறை உலகப் பட்டம் பெற்றவர். அவருடைய பெயரில் யூனிகார்ன் நிறுவனம் விற்கும் தொகுப்புகள் ரைட்டின் தொகுப்புகளுக்கு நேரடிப் போட்டி. கருவியை அடிக்கடி மாற்றுபவர் என்ற பெயர் ஆண்டர்சனுக்கு இல்லை. எனவே அவர் பெயரிட்ட டார்ட்டை வாங்குபவருக்கு, இதுதான் அவர் எறிவது என்ற நிறைவு ஓரளவு கிடைக்கும். அந்த நிறைவே உங்கள் நோக்கமென்றால் ஆண்டர்சன் தொகுப்பின் பக்கமே போகலாம். கைக்குப் பொருந்துவதே நோக்கமென்றால் ரைட்டின் வரிசையில்தான் தேர்ந்தெடுக்க அதிக இடம் இருக்கிறது. அவருடைய மனம் மாறிய ஒவ்வொரு முறையும் சந்தைக்கு ஒரு புதிய வடிவம் கிடைத்திருக்கிறது. அவருடைய அலைச்சல் வாங்குபவருக்கு வசதியாக அமைந்துவிட்டது.

ஸ்காட்லாந்து டார்ட்ஸ் என்றாலே கிர்க்கால்டியின் ஜாக்கி வில்சனை நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த மனிதர். 1982இலும் 1989இலும் உலகச் சாம்பியன். 1989 இறுதியில் எரிக் பிரிஸ்டோவுக்கு எதிராக 5-0 என்று முந்தி, பின்பு 5-4 வரை துரத்தப்பட்டு, 6-4 என்று முடித்த அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ரைட்டும் ஆண்டர்சனும் எந்த மரபிலிருந்து வந்தவர்கள் என்பது விளங்கும். தொழிலாளர் குடியிருப்புகளின் மதுக்கூடங்களில் வளர்ந்த இந்த விளையாட்டு அரை மில்லியன் பவுண்டு பரிசையும் தாண்டி வந்திருக்கிறது. அந்த வளர்ச்சியோடு சேர்ந்து வளர்ந்ததுதான் ஆட்டக்காரர் பெயரில் கருவி விற்கும் வணிகமும். அதில் தவறு எதையும் நான் காணவில்லை. ஆட்டக்காரர்களுக்கு அது நியாயமான வருவாய்.

மீண்டும் தொகுப்புக்கு வருகிறேன். பெயர் பொறிக்காத, அதே 90 விழுக்காட்டு டங்ஸ்டன் தொகுப்புகளைவிட, ஆட்டக்காரர் பெயர் தாங்கியவற்றின் விலை பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். உலோகத்தின் தரத்தை மட்டும் கணக்கிட்டால் அந்தக் கூடுதல் தொகைக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் ஒருவரின் ஆட்டத்தை நேசித்துவிட்டு, அவர் பெயர் பொறித்த டார்ட்டைக் கையில் எடுத்துக் கோட்டுக்கு வருவதில் ஓர் ஊக்கம் இருக்கிறது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அதற்கு விலை உண்டென்றால், அதை மனமாரக் கொடுக்கிறேன். இப்போதுதான் விளையாடத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எறிமுறை நிலைபெறாதவருக்குத் தம் கைக்கு எந்த எடை பொருந்தும் என்பதே தெரிந்திருக்காது; அவருக்கு நல்ல 80 விழுக்காட்டுத் தொகுப்பு ஒன்று போதும். டிரிபிளைச் சுற்றி டார்ட்கள் நெருங்கத் தொடங்கியவர்கள், பித்தளையிலிருந்தோ பருத்த பேரலிலிருந்தோ மாற விரும்புகிறவர்கள், இவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

24 கிராம் என்பது பலருக்கும் பொருந்தும் நடுநிலையான எடை. கையை வேகமாக நீட்டி எறிபவர்கள் 22 கிராமிலும், மெதுவாக, வளைந்த பாதையில் எறிபவர்கள் சற்றுக் கனமானதிலும் நிறைவு காணக்கூடும். டார்ட் பலகையில் தைக்கும்போது பின்பகுதி மிகவும் தொங்கினால் பேரலை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. முதலில் ஷாஃப்ட்டின் நீளத்தையும் ஃப்ளைட்டின் அகலத்தையும் மாற்றிப் பாருங்கள். அகன்ற ஃப்ளைட் வாலை நிமிர்த்தும், ஒடுங்கியது வேகத்தைக் கூட்டும். ஷாஃப்ட்டும் ஃப்ளைட்டும் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் தேய்ந்துபோகும் பொருள்கள். ஒன்றன்மேல் ஒன்று மோதும் ஆட்டத்தில் அவை நெடுநாள் தாங்கும் என எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே பாம்புச் சின்னம் உள்ளவை தீர்ந்தபின் சாதாரண ஃப்ளைட்களைக் கொண்டு ஆடினாலும் டார்ட்டின் பறப்பில் குறை எதுவும் இராது. வீட்டில் மின்னணுப் பலகை வைத்திருப்பவர்கள், தாங்கள் எடுப்பது எஃகு முனையா பிளாஸ்டிக் முனையா என்பதைப் பெட்டியின் மேல் பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, வாய்ப்புள்ளவர்கள் கடைக்கு நேரில் செல்வதே நல்லது. டார்ட்ஸுக்கென்றே உள்ள கடைகளில் பெரும்பாலும் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். ரைட்டின் வரிசையில் குறைந்தது இரண்டு வடிவங்களையாவது அங்கே எறிந்து பார்த்துவிட்டு எடுங்கள்.